மணிவண்ணனை வெளியே எடுப்பதற்கான குழுக்கள்

மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டு மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தவர்கள் மூன்றே பேர். குடோனைப் பார்த்துக்கொள்ள சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி மலைக்கு வரும் இலியாஸ், கணக்குப் பார்க்கும் சுமித்ரா, ஜீப் ஓட்டும் சின்னராசு. ஆலோசகர் அருள்மொழி வந்து நிறுவனத்தைத் திருத்தியமைத்த பிறகும் மூன்று பேர்தான். குழுக்கள் மட்டும் ஆறு ஆகியிருந்தன.

அருள்மொழியை அனுப்பிவைத்தது நிறுவனத்துக்கு நிதி கொடுத்த ஒரு நகரத்து அமைப்பு. அவர் வந்து இறங்கிய அன்று லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. சுமித்ரா சாக்கின் வாயைப் பிடிக்க, இலியாஸ் தைக்க, சின்னராசு முதுகில் வாங்கிப் போட, தலைவர் சின்னுசாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தார். அருள்மொழி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

"இதுல யார் யார் எந்த டீம்?" என்றார்.

இலியாஸ் அடுத்த சாக்கைத் தைக்கத் தொடங்கினான்.

"டீம் இல்லையா? அப்ப எப்படி வேலை நடக்குது?"

"நடக்குதுங்க, அப்படியே" என்றார் சின்னுசாமி.

"அதுதான் ஐயா ஆபத்து. அமைப்பு இல்லாம ஒரு வேலை நடந்துட்டா, நாளைக்கு அமைப்பே எதுக்குன்னு யாராவது கேட்ருவாங்க."

அடுத்த வாரமே குழுக்கள் வந்துவிட்டன. குடோனுக்குள் வரும் சரக்குக்கு உள்வரவுக் குழு. வெளியே போகும் சரக்குக்கு வெளியனுப்புக் குழு. இவை துறைக்குழுக்கள். இரண்டு துறைக்கும் இடையில் சிக்கல் வந்தால் பல்துறைக் குழு. சிக்கல் அவசரமானதாக இருந்தால் செயற்படைக் குழு. ஆட்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால் மெய்நிகர் குழு. தலைவனே இல்லாமல் தன்னைத்தானே நடத்திக்கொள்வது சுயமேலாண்மைக் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் அட்டை. மூன்று பேரும் அட்டைகளைக் கொத்தாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். இலியாஸ் வருவது தூரத்திலேயே சலசலவென்று கேட்கும்.

மணிவண்ணன் இந்த நிறுவனத்தில் பங்கு போட்ட விவசாயிகளில் ஒருவன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தான். மேட்டில் கொஞ்சம் மரவள்ளி. குழுப் பயிற்சிக்கு ஒருநாள் அவனும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்து இலியாஸிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க இலியாஸ், நானு எந்தக் குழுவுல வாரேன்?"

"நீங்க விவசாயிண்ணே. விவசாயிக்குன்னு இன்னும் குழு எதுவும் போடல."

அப்போது அது அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மாசிக் கடைசியில், வரக்கூடாத நேரத்தில் மேகம் கூடியது. அந்த வருஷத்து மிளகு மொத்தமும் வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில் காய்ந்துகொண்டிருந்தது. முக்கால் பங்குதான் காய்ந்திருந்தது. இந்த நிலையில் நனைந்தால் பூசணம் பிடித்து வாசம் கெட்டுவிடும். மணிவண்ணனின் மனைவி அம்சவேணி வானத்தைப் பார்த்தாள்.

"நம்மகிட்ட இருக்கற தார்ப்பாய் பாதிக்குக்கூடப் பத்தாதுங்க. ஓடுங்க, ஆபீஸ்ல ஒண்ணு வாங்கியாங்க. நான் அதுக்குள்ள கூட்டி வெக்கறேன்."

மணிவண்ணன் மொபெட்டை முடுக்கினான். குடோன் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வெளியே ஆள் இல்லை. எல்லோரும் பக்கத்து அறையில் ஒரு குழுவில் இருந்தார்கள். பங்குதாரர்களுக்கு இரவல் கொடுப்பதற்கென்றே வாங்கிய தார்ப்பாய்கள் கடைசிச் சுவரோரம் இருப்பது அவனுக்குத் தெரியும். குனிந்து உள்ளே போனான். ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுத் திரும்பினான். மேலே ஏதோ டங்கென்று தெறித்தது. ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையில் மோதியது.

குடோன் இருண்டுபோனது. மிளகுக் காரம் மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டு ஷட்டரைத் தட்டினான்.

"யாரு உள்ள?" இலியாஸின் குரல்.

"நாந்தாங்க, மணிவண்ணன். தார்ப்பாய் எடுக்க வந்தேன். தூக்குங்க சீக்கிரம்."

"ஸ்பிரிங் உட்டுப்போச்சுண்ணே. இருங்க, தனியாத் தூக்க முடியாது. சின்னராசு! ஒரு கை குடுப்பா."

இரண்டு ஜோடி செருப்புச் சத்தம் ஷட்டருக்கு வெளியே வந்து நின்றது. ஷட்டர் லேசாக முனகியது. அடியில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. மணிவண்ணனும் உள்ளிருந்து விரலைக் கொடுத்தான்.

"நிறுத்துங்க!"

வெளிச்சம் போய்விட்டது. அருள்மொழி வந்துவிட்டார்.

"இலியாஸ், நீங்க இப்ப எந்த அட்டை போட்டிருக்கீங்க?"

"உள்வரவு சார்."

"உள்வரவுன்னா?"

"உள்ள எடுக்கறது சார்."

"அவரை உள்ள எடுக்கறீங்களா, வெளிய எடுக்கறீங்களா?"

இலியாஸ் யோசித்தான். "வெளிய சார்."

"அப்ப அது வெளியனுப்புக் குழுவோட வேலை. இன்னொரு குழுவோட வேலையை நாம செய்யறது உதவி இல்ல இலியாஸ், அவமரியாதை."

அட்டைகள் சலசலத்தன. இலியாஸ் வெளியனுப்பு அட்டையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மணிவண்ணன் காத்திருந்தான். வெளியனுப்புக் குழுவிலும் இலியாஸ்தானே, சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தான்.

"வெளியனுப்புறதுக்கு முன்னால," என்றார் அருள்மொழி, "அவர் உள்ள வந்த பதிவு எங்க?"

சுமித்ரா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்படி எதுவும் வரலைங்க சார்."

"வராத ஒண்ணை எப்படி அனுப்ப முடியும்? முதல்ல அவரை முறைப்படி உள்ள வர வைங்க. அப்புறம் அனுப்பலாம்."

சுமித்ரா ஷட்டர் பக்கம் குனிந்தாள். அவள் குரலில் சங்கடம் இருந்தது. "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எடை எவ்வளவுங்கண்ணா?"

"எடையா? ஏன் கண்ணு?"

"உள்வரவுக்கு எடை கேக்குங்க. ஈரப்பதமும் கேக்கும். அதை நான் ஒரு உத்தேசமாப் போட்டுக்கறேன்."

மணிவண்ணன் எடையைச் சொன்னான். சொன்ன பிறகுதான் தான் ஏன் சொன்னோம் என்று தோன்றியது. ஈரப்பதத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்த நேரத்தில் நிறையவே இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இதற்குள் தலைவர் சின்னுசாமி வந்து சேர்ந்தார். ஆள் உள்ளே மாட்டியிருக்கிறான் என்றதும் அவரும் ஷட்டரில் கைவைக்கப் போனார். அருள்மொழி அவரை மரியாதையாகப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். உள்வரவும் வெளியனுப்பும் சம்பந்தப்பட்டுவிட்டதால் இது பல்துறைக் குழுவுக்குப் போயாக வேண்டும் என்று விளக்கினார். பல்துறைக் குழு அங்கேயே, ஷட்டருக்கு முன்னால் கூடியது. துறைக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஆள் போதாததால் இலியாஸ் முதலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உள்வரவின் கருத்தைச் சொன்னான். பிறகு எழுந்து, அட்டையை மாற்றிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதை மறுத்தான். நாற்காலி இழுபடும் சத்தமும் அட்டைச் சத்தமும் உள்ளே தெளிவாகக் கேட்டன.

தூரத்தில் இடி உருண்டது.

"சார்!" மணிவண்ணன் கத்தினான். "மழை வருதுங்க! என்ற மொளகு பூராவும் பாறையில கெடக்குதுங்க!"

"கேட்டீங்களா?" என்று அருள்மொழி மற்றவர்களிடம் சொன்னார். "இதைத்தான் வெளி அழுத்தம்னு சொல்றது. நல்ல குழுவை அழுத்தம் அசைக்காது."

"நான் உள்ளதாங்க இருக்கறேன்!"

"உள்ளிருந்து வர்ற வெளி அழுத்தம்" என்று அருள்மொழி திருத்திக்கொண்டார்.

இடியைக் கேட்ட சின்னராசுவுக்குப் பொறுமை போனது. "என்னடா, ஒரு ஆளுக்கு ரெண்டு நாற்காலி மாறி மாறி உக்காந்துக்கிட்டு? எந்திரிச்சு வாடா, தூக்கிரலாம்!" என்று இலியாஸை அதட்டினான். "நானா மாட்டேங்கறேன்? நீதான் முதல்ல கைய எடுத்த!" என்று இலியாஸ் திருப்பிக் கொடுத்தான். இருவரும் எழுந்து நின்று கத்திக்கொண்டார்கள்.

அருள்மொழியின் குரலில் முதல்முறையாக மகிழ்ச்சி தெரிந்தது. "அருமை! எந்தக் குழுவுக்கும் நாலு கட்டம் உண்டு. உருவாகும் கட்டம், உரசும் கட்டம், ஒழுங்குபடும் கட்டம், ஓடும் கட்டம். நாம ரெண்டாவதுக்கு வந்துட்டோம். எவ்வளவு ஆரோக்கியமா உரசறாங்க பாருங்க. இந்தக் கட்டத்துல போய் அவரை வெளிய எடுத்தா குழு வளர்ச்சி நின்னுபோயிரும்."

"அவன் வளர்ச்சியுங்க?" என்றார் சின்னுசாமி.

"அவர் குழுவுல இல்லையே ஐயா."

சொல்லிவிட்டு அருள்மொழியே சற்று யோசித்தார். ஷட்டர் பக்கம் வந்து, கனிவான குரலில் பேசினார். "மணிவண்ணன், இது எங்க தப்புதான். உங்களைத் தனியா விட்டுட்டோம். நீங்க எங்களைப் பாக்க முடியாது. நாங்க உங்களைப் பாக்க முடியாது. ஆனா பேசிக்கறோம். இதுக்கு என்ன பேர்? யாராவது சொல்லுங்க."

"ஷட்டர் உழுந்துபோச்சுங்க" என்றான் இலியாஸ்.

"மெய்நிகர் குழு! மணிவண்ணன், இந்த நிமிஷத்துலேருந்து நீங்க அதுல உறுப்பினர். கைதட்டுங்க எல்லாரும்."

நாலு பேர் கைதட்டும் சத்தம் கேட்டது. ஒரு பச்சை அட்டை ஷட்டரின் அடி இடுக்கு வழியாக உள்ளே நழுவி வந்தது. மணிவண்ணன் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். மாட்டியதும் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. உறுப்பினரை விட்டுவிடமாட்டார்கள் அல்லவா?

"பழக்கத்துக்கு ஒரு சின்ன விளையாட்டு. உங்க பக்கத்துல இருக்கறவரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

மணிவண்ணன் இருட்டில் பக்கத்தில் பார்த்தான். "பக்கத்துல மூட்டைதானுங்க இருக்குது."

"தயங்காதீங்க."

"நல்லாக் காஞ்சிருக்குதுங்க" என்றான் மணிவண்ணன். தன் மிளகும் இந்நேரம் இப்படிக் காய்ந்திருக்க வேண்டியது.

மெய்நிகர் குழுவுக்கு நகரத்தில் இருக்கும் நிபுணர்தான் தலைவர். அவரிடம் பேச வேண்டும் என்றால் ஜீப்பில் மலைப்பாதையின் மேல்வளைவுவரை போக வேண்டும், அங்கேதான் டவர். எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். வண்டி கிளம்பும்போது அருள்மொழி ஜன்னலிலிருந்து கத்தினார். "மணிவண்ணன், நாங்க வர்ற வரைக்கும் நீங்க மியூட்ல இருங்க!"

மணிவண்ணன் இருந்தான். கூப்பிட அங்கே யாரும் இல்லை. அவன் போன் மொபெட் பெட்டிக்குள் கிடந்தது. பின்சுவரில், அடுக்கிய மூட்டைகளுக்கு மேலே, ஒரு வெண்டிலேட்டர் இருப்பதை அவன் வந்தபோதே பார்த்திருந்தான். அதன் வலை துருப்பிடித்துத் தொங்கியது. ஆனால் அடுத்தவர்கள் மிளகின் மேல் கால்வைத்து ஏற அவனுக்கு மனசு வரவில்லை. தவிர, தனக்காக நாலு பேர் ஜீப் ஏறி வளைவுவரை போயிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கமாக இறங்கிப் போவது நன்றாகவா இருக்கும்?

தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. அவன் நெஞ்சுக்குள் விழுவதுபோல் இருந்தது. அம்சவேணி ஒற்றை ஆளாக என்ன செய்வாள்?

ஜீப் திரும்பி வந்தது. கதவு திறந்து மூடும் முன்பே அருள்மொழியின் குரல் வந்தது.

"மணிவண்ணன், மகிழ்ச்சியான செய்தி! நிபுணர் முடிவு சொல்லிட்டார். இது சுயமேலாண்மைக் குழுவுக்கான விஷயம். உங்களுக்கு மேல யாரும் இல்ல. உங்க இலக்கை நீங்களே வெச்சுக்கலாம், வழியையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். பொறுப்பு முழுக்க உங்களோடது."

"அந்தக் குழுவுல வேற யாருங்க சார்?"

"நீங்க மட்டும்தான். முரண்பாடே வராது பாருங்க!"

மணிவண்ணன் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டான். மூட்டைகளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவற்றின் மேல் ஏறினான். வலை ஒரு இழுப்பில் கையோடு வந்தது. தார்ப்பாயை முதலில் வெளியே தள்ளினான். சட்டை கிழிய, முழங்கை சிராய, தானும் நழுவிப் பின்பக்கச் செடிகளுக்குள் விழுந்தான்.

மொபெட் முன்பக்கம் நின்றதால் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. குழு ஷட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அருள்மொழி மூடிய ஷட்டரிடம் இலக்கை எப்படி வகுப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றான் மணிவண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால். "வந்துட்டேனுங்க."

இலியாஸ் "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்துவிட்டான். சின்னுசாமி ஓடி வந்து தோளைப் பிடித்தார். அருள்மொழி மட்டும் முகம் வெளுத்து நின்றார்.

"நீங்க எப்படி வெளிய?"

"பின்னாலங்க. வெண்டிலேட்டர்ல."

"நாளைக்கு நிபுணர் நேர்ல வர்றார். சுயமேலாண்மையால முடியாமப் போனா செயற்படைக் குழு உங்களை மீட்கும், அதைப் பாக்கறதுக்குன்னே வர்றார். போட்டோவுக்கு ஆள் சொல்லியாச்சு." அருள்மொழி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. வந்த வழியாவே திரும்பி உள்ள போயிருங்க. காலையில வரைக்கும்தான். சாப்பாடு இடுக்கு வழியா அனுப்பறோம்."

மணிவண்ணன் அவரையே பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்ததா என்றால், அதற்குக்கூட நேரமில்லை. பச்சை அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தான். "மழை வருதுங்க சாமி" என்றான். மொபெட்டை எடுத்தான்.

மழை அவனை முந்திக்கொண்டது. பாறையில் மேல்பக்கத்து மிளகை அம்சவேணி இருந்த தார்ப்பாயில் போட்டு மூடியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெருமாயி முறத்தோடு ஓடி வந்து நடுப்பக்கத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். கீழ்ப்பக்கத்து மிளகு கருப்பு ஓடையாகப் புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மணிவண்ணன் தார்ப்பாயைப் பிரித்துக் கீழே வாட்டமாகப் போட்டு, ஓடுவதைத் தடுத்து அணை கட்டினான். மூவரும் குனிந்தபடியே அள்ளினார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் செய்யவில்லை; சொல்ல வாயைத் திறந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போனது.

மழை விட்டபோது கால்பங்கு போயிருந்தது. அம்சவேணி சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"இவ்வளவு நேரம் எங்க போயிட்டீங்க? ஒரு தார்ப்பாய்க்கு?"

"குழுவுல இருந்தேன்" என்றான் மணிவண்ணன்.

அவள் அவன் கிழிந்த சட்டையையும் சிராய்ந்த முழங்கையையும் பார்த்தாள். பிறகு புல்லுக்குள் கிடந்த மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பங்குனியில் பொதுக்கூட்டம் நடந்தது. குடோனுக்கு முன்னால் பந்தல். ஷட்டர் இன்னும் மூடியே இருந்தது. மீட்புப் பணி வெற்றிகரமாக முடிந்துவிட்டதாக அறிக்கை போய்விட்டதால் செயற்படைக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஷட்டர் எந்தக் குழுவிடமும் இல்லை. விவசாயிகள் முன்பே கொண்டுவந்து வைத்த மிளகெல்லாம் உள்ளே கிடந்தது. சேந்தமங்கலத்து வியாபாரி அப்துல் நாசர் லாரியோடு வந்து வந்து திரும்பிப் போனார். அன்றும் வந்திருந்தார்.

அருள்மொழி பேசினார். "ஒரு உறுப்பினர் இருட்டுல தனியா இருந்தார். நம்ம குழுக்கள் அவரை ஒரு நொடிகூடத் தனியா விடல. அவர் வெளிய வந்தது முக்கியமில்ல. எத்தனை குழு கூடி அவர் வெளிய வந்தார்ங்கறதுதான் முக்கியம். கேள்வி இருந்தா கேக்கலாம்."

மணிவண்ணன் எழுந்தான். கூட்டத்தில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

"ஷட்டரை எப்பங்க தெறப்பீங்க?"

"அருமையான கேள்வி" என்றார் அருள்மொழி. "அதுக்குன்னு ஒரு குழு..."

அவர் முடிப்பதற்குள் மணிவண்ணன் ஷட்டரை நோக்கி நடந்துவிட்டான். இலியாஸ் அட்டைகளைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தான். சின்னராசு வந்தான். சின்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். அப்துல் நாசர் லாரியிலிருந்து இறங்கி வந்தார். பந்தலில் இருந்த பாதிப் பேர் எழுந்தார்கள். ஷட்டர் ஒரு முறை முனகியது. அப்புறம், இத்தனை நாள் எதற்குக் கிடந்தோம் என்பதுபோலத் தலைக்கு மேலே போய்விட்டது. மிளகு வாசம் பந்தல் முழுக்க அடித்தது. மணிவண்ணனுக்கு, ஏனென்று தெரியாமல், சிரிப்பு வந்தது.

இலியாஸ் முட்டுக் கொடுக்க ஒரு கட்டையை இழுத்து வந்தான்.

"கட்டை வேண்டாம்!" அருள்மொழி ஓடி வந்தார். கண்ணெல்லாம் ஈரம். "இதுதான் நாலாவது கட்டம்! ஓடும் கட்டம்! என் பயிற்சி வீண்போகல. கட்டை வெச்சா போட்டோவுல குழு தெரியாது. உங்க கைதான் முட்டு. அப்படியே பிடிச்சு நில்லுங்க."

அவர் ஷட்டருக்கு அடியில் புகுந்து குடோனுக்குள் போனார். மூட்டைகளுக்கு முன்னால், எல்லோருக்கும் நடுவில் தெரிகிற மாதிரி நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டார். போட்டோக்காரர் தயாரானார். அருள்மொழி சிரித்த முகத்தோடு இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"இந்த மகத்தான குழுவுக்காக எல்லாரும் ஒருதடவை பலமாக் கைதட்டுங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஷட்டரைப் பிடித்திருந்தவர்களும் தட்டினார்கள்.

ஷட்டர் விழுந்த சத்தம் அடங்கிய பிறகும் கைதட்டல் ஓயவில்லை. சார்தான் தட்டச் சொல்லியிருந்தார். நிறுத்தச் சொல்ல அவர் வெளியே இல்லை.